ஒரே பிழையை எழுதிய வகுப்பு: இளங்கலைத் தமிழில் குறுந்தொகை கற்பித்த ஒரு பருவம்

பின்னணி

தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைந்த அரசு கலை அறிவியல் கல்லூரி. இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு. பாடம் சங்க இலக்கியம். எட்டுத்தொகையிலிருந்தும் பத்துப்பாட்டிலிருந்தும் தேர்ந்தெடுத்த பகுதிகள். எட்டுத்தொகையில் ஒன்றான குறுந்தொகையும் அதில் உண்டு. மொத்தம் 100 மதிப்பெண்ணில் 75 பல்கலைக்கழகம் நடத்தும் பருவத் தேர்வுக்கு, 25 கல்லூரியே போடும் அகமதிப்பீட்டுக்கு. பாடத்திட்டம், பருவத் தேர்வு வினாத்தாள், விடைக்குறிப்பு மூன்றும் வெளியிலிருந்து வருபவை. கல்லூரி தன் விருப்பப்படி கையாளக்கூடியது அந்த 25 மட்டுமே. பின்னால் எடுத்த முடிவுகள் எல்லாம் அந்த எல்லைக்குள் எடுத்தவை.

பாடம் எடுத்தவர் ஒரு கௌரவ விரிவுரையாளர், அதாவது நிரந்தரப் பணி இல்லாதவர். முனைவர் பட்டம் பெற்றவர். அகப்பாடல்களில் நல்ல தேர்ச்சி உள்ளவர். இதே பாடத்தை முந்தைய ஆண்டும் எடுத்திருந்தார். நான் அதே துறையில் பணிபுரிகிறேன். அகமதிப்பீட்டு ஒருங்கிணைப்பு என் பொறுப்பு. அவருடைய ஒப்புதலோடு சில வகுப்புகளில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். இந்தக் குறிப்பு அப்படிப் பார்த்ததையும் விடைத்தாள்களையும் துறைக் கூட்டங்களில் பேசியதையும் கொண்டு எழுதியது.

மாணவர்களில் பெரும்பாலோர் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். வேறு பாடம் கிடைக்காமல் தமிழுக்கு வந்தவர்களும் உண்டு. விரும்பி வந்தவர்களும் உண்டு. பாதிக்குக் குறையாதவர்கள் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வைக் குறிவைத்துப் படிப்பவர்கள். அதில் தமிழ்ப் பகுதிக்கு மட்டும் 100 வினாக்கள் உண்டு. ஆகவே ஒரு பாடலைக் கண்டவுடன் பாடியவர் யார், எந்தத் திணை, யார் கூற்று (பாடலில் பேசுபவர் யார்) என்ற மூன்றையும் தனியே எழுதிக்கொள்வது அவர்கள் கைப்பழக்கம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. வேலை கிடைத்தாக வேண்டிய வீட்டிலிருந்து வருபவர்கள் அப்படித்தான் படிப்பார்கள்.

முதல் அகத்தேர்வில் கண்டது

முதல் அகத்தேர்வில் பத்து மதிப்பெண் வினா இது: "குறுந்தொகை 25ஆம் பாடலின் கருத்தை விளக்குக." கபிலர் பாடியது. ஐந்தே அடி:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டு தான்மணந்த ஞான்றே

அவன் என்னோடு கூடிய அன்று அங்கே வேறு யாரும் இல்லை. அவன்தான் இருந்தான், அந்தக் கள்வன். அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? தினையின் தாளைப் போன்ற சிறிய பசிய கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு ஒரு குருகும் அங்கே இருந்தது. பாடல் இவ்வளவுதான்.

விடைத்தாள்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் ஒரே பத்தி இருந்தது. சொல்லுக்குச் சொல், காற்புள்ளிக்குக் காற்புள்ளி. ஊர்க் கடைகளில் விற்கும் ஒரு தேர்வுக் கையேட்டிலிருந்து வந்த பத்தி அது. அதை உறுதிப்படுத்தியது ஓர் அச்சுப் பிழை. கையேட்டில் "தினைத்தாள்" என்பது "திணைத்தாள்" என்று அச்சாகியிருந்தது. அத்தனை பேரும் அப்படியே எழுதியிருந்தார்கள். ஒரு மாணவர் ஒரு படி மேலே போய், "குருகின் கால் குறிஞ்சித் திணையைப் போன்றது" என்று விளக்கமும் கொடுத்திருந்தார். சிரிப்பு வந்தது உண்மை. ஆனால் பொருள் வரவில்லையே என்று தானாக முயன்று ஏதோ ஒன்றைப் பொருத்திப் பார்த்தவர் அந்த மாணவர் ஒருவர்தான்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பாடலை மேற்கோளாக எழுதியவர்கள் மிகச் சிலரே. கருத்து, திணை, கூற்று, உவமை என்று தலைப்புப் போட்டு எழுதியிருந்தார்கள். பாட்டு மட்டும் இல்லை.

துறைக் கூட்டமும் முதல் முடிவும்

துறைக் கூட்டத்தில் மறுதேர்வு வைக்க வேண்டும் என்றார் மூத்த பேராசிரியர் ஒருவர். பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்பது அவர் ஐயம். தேர்வறையில் இருந்த மேற்பார்வையாளர் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று உறுதியாகச் சொன்னார். கேட்டபோது மாணவர்களும் மறைக்கவில்லை. "மனப்பாடம் செய்தோம் அம்மா, தப்பா?" என்று ஒரு மாணவி கேட்டதற்கு அங்கே யாரிடமும் நேரான பதில் இல்லை. தப்பில்லைதான். "கருத்தை விளக்குக" என்று கேட்டால் கருத்து எங்கே அச்சாகியிருக்கிறதோ அங்கிருந்துதான் அது வரும்.

மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை, மறுதேர்வும் இல்லை என்று முடிவானது. தண்டித்தால் அடுத்த முறை அதே பத்தியைச் சொல் மாற்றி எழுதக் கற்றுக்கொள்வார்கள். அவ்வளவுதான் நடக்கும் என்பது துறைத்தலைவரின் கணக்கு. மாற்ற வேண்டியது வினாவையும் வினாவுக்கு முந்தைய வகுப்பையும் என்று விரிவுரையாளர் சொன்னார். அவர் முன்வைத்த திட்டம் எளிமையானது. உரையும் கூற்றுக் குறிப்பும் (யார் யாரிடம் எந்தச் சூழலில் சொன்னது என்று பாடலோடு வரும் குறிப்பு) இல்லாமல் பாடலை முதலில் கொடுப்பது. அருஞ்சொற்பொருள் மட்டும் ஒரு தாளில் அச்சிட்டுத் தருவது. யார் பேசுகிறார், யாரிடம், எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்பது. அதன் பிறகே உரைக்குப் போவது.

கூற்றுக் குறிப்பை ஒளித்து வைப்பதில்தான் கூட்டத்தில் சண்டை வந்தது. "அது பாட்டோடு வந்தது, அதை மறைக்க நாம் யார்?" என்று கேட்டார் அந்த மூத்த பேராசிரியர். இந்த 25ஆம் பாடலுக்கு உள்ள குறிப்பு, திருமணத்தைத் தலைவன் தள்ளிப்போட்ட இடத்தில் தலைமகள் தோழிக்குச் சொன்னது என்கிறது. பாட்டுக்குள் தோழி என்ற சொல்லே இல்லை, விளியும் இல்லை. இக்குறிப்புகள் பாடிய புலவர்கள் எழுதியவை அல்ல, பிற்காலத்தவர் சேர்த்தவை என்பது ஆய்வாளர் பலரும் ஏற்ற கருத்து. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ என்று அறிகிறோம். பேராசிரியர் என்ற பெயருள்ள பழைய உரையாசிரியரும் நச்சினார்க்கினியரும் எழுதிய உரை இன்று கிடைக்கவில்லை. 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கனாரும் 1937இல் உ.வே.சாமிநாதையரும் பதிப்பித்து உரை எழுதியிருக்காவிட்டால் நமக்கு இந்த நூலுக்குள் நுழைய வழியே இருந்திருக்காது. ஆகவே குறிப்பையும் உரையையும் தூக்கி எறிய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவை முன்னோர் படித்த படிப்பு. நம் படிப்புக்குப் பிறகு அவற்றோடு ஒப்பிடுவோம் என்பதே வாதம்.

துறைத்தலைவர் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். பாடத்திட்டத்தில் உள்ள எல்லாப் பாடல்களையும் இப்படி நடத்த நேரம் போதாது. ஆறு பாடல்களை மட்டும் இப்படி நடத்துவது, மற்றவற்றை வழக்கம்போல் விளக்கிவிடுவது, பருவத்தின் கடைசி இரண்டு வாரங்களைப் பல்கலைக்கழகத் தேர்வுக்கான பயிற்சிக்கு ஒதுக்குவது. கௌரவ விரிவுரையாளர் மீது புகார் போனால் அதன் விலை வேறு என்பது துறைத்தலைவருக்குத் தெரியும். அதனால் இந்த ஏற்பாட்டை எழுத்தில் போட்டுத் தன் கையெழுத்தோடு கோப்பில் வைத்தார். இந்த நிகழ்வில் மிகப் பயனுள்ள நிர்வாகச் செயல் எது என்று கேட்டால் அந்த ஒற்றைத் தாளைத்தான் சொல்வேன்.

வகுப்பறையில்

மீண்டும் அதே 25ஆம் பாடலிலிருந்து தொடங்கினார். எல்லோருக்கும் "தெரிந்த" பாடல் என்பதால் வேண்டுமென்றே எடுத்தார்.

முதல் பாடவேளை ஏறத்தாழ வீண். பாடலை வாய்விட்டுப் படிக்கச் சொன்னபோது பலர் "தானது" என்பதைத் தான் + அது என்று பிரிக்கத் தடுமாறினார்கள். இரண்டாம் ஆண்டுத் தமிழ் மாணவருக்குப் பதம் பிரிக்க வராதா என்று கேட்பது எளிது. இதுவரை அவர்கள் கையில் கிடைத்தது முழுக்கப் பிரித்து வைத்த பாடமும் பொழிப்புரையும்தான். விரிவுரையாளர் அந்த வேளையைப் பதம் பிரிப்பதற்கே கொடுத்துவிட்டார்.

அடுத்த வகுப்பில் யாரிடம் பேசுகிறாள் என்று கேட்டார். கூற்றுக் குறிப்பு மனப்பாடம் ஆகியிருந்ததால் "தோழியிடம்" என்று ஒரே குரல். எந்த அடியில் இருக்கிறது என்றதும் வகுப்பு பாடலுக்குள் போய்த் தேடியது, கிடைக்கவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள் என்றார் ஒருவர். தாயிடம் என்றார் ஒருவர். களவு (திருமணத்துக்கு முந்தைய மறைவான காதல்) தாய்க்குத் தெரியக் கூடாதே என்று பக்கத்தில் இருந்தவரே மறுத்தார். இப்படி ஒரு மாணவர் இன்னொருவருக்கு நேராகப் பதில் சொல்வதை அந்த வகுப்பில் அன்றுதான் முதலில் பார்த்தேன்.

அதுவரை வாய் திறக்காத ஒரு மாணவி, "இதில் வழக்கு மாதிரிதானே அம்மா இருக்கிறது? கள்வன் என்கிறாள், பொய்த்தால் என்கிறாள், அங்கே யார் இருந்தார்கள் என்று சொல்கிறாள்" என்றார். அப்படியானால் சாட்சி யார் என்று விரிவுரையாளர் கேட்டார். குருகு என்று எல்லோரும் சொன்னார்கள். கையேடும் அப்படித்தான் சொல்கிறது. அந்த மாணவி விடவில்லை. "குருகு இவர்களைப் பார்க்கவில்லையே. ஆரலைத்தானே பார்க்கிறது." வகுப்பு நான்காம் அடிக்குத் திரும்பியது. பார்க்கும் என்ற வினைக்குச் செயப்படுபொருள் ஆரல். இருந்த ஒரே சாட்சியும் கண்ணை வேறு பக்கம் வைத்திருந்தது. அதுவும் பேசாத பறவை. "யானெவன் செய்கோ" என்ற கேள்வியின் எடை அப்போதுதான் அந்த அறையில் பலருக்கு விளங்கியது.

இந்த வாசிப்பு புதியதல்ல; ஆய்வாளர்கள் முன்பே பேசியதுதான். மாணவியே அடியைக் காட்டி அங்கே வந்து சேர்ந்தார் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

அன்று எழுந்த இன்னொரு கேள்வி இதைவிட எனக்குப் பிடித்தது. குருகும் ஆரலும் நீர்நிலத்துக்கு உரியவை, பிறகு இது எப்படிக் குறிஞ்சி என்று கேட்டார் ஒரு மாணவர். முதல் (நிலமும் பொழுதும்), கரு (அந்நிலத்து உயிர்களும் பொருள்களும்), உரி (காதல் ஒழுக்கம்) மூன்றின் பட்டியலையும் நம்பியகப்பொருள் என்ற அகப்பொருள் இலக்கண நூலுக்கான தாளுக்காக அவர் மனப்பாடம் செய்திருந்தார். இலக்கணத் தாளில் படித்ததை இலக்கியத் தாளில் வைத்துக் கேட்டவர் அவர்தான். விரிவுரையாளர் தொல்காப்பியத்திலிருந்து இரண்டு நூற்பாக்களைக் கரும்பலகையில் எழுதினார். மூன்று பொருளும் பாடலில் ஒன்றைவிட ஒன்று முறையே சிறந்து நிற்கும் என்பது ஒன்று. அதன்படி உரிப்பொருளே திணையைத் தீர்மானிக்கும். மற்றது, "எந்நில மருங்கிற் பூவும் புள்ளும்" என்று தொடங்குவது: பூவும் பறவையும் தம் நிலத்தோடும் பொழுதோடும் வராவிட்டாலும் வந்த நிலத்தின் பயனைத் தரும். குருகு மலைநிலத்துக்கு வந்தால் குறிஞ்சிக்கு உரியதாகிறது. காலுக்கு உவமையாகத் தினைத்தாள் வந்ததையும் அந்த மாணவரே சுட்டினார். நீர்ப்பறவையின் காலில் மலைப்பயிர். "திணைத்தாள்" என்ற பிழை அந்த வகுப்போடு ஒழிந்தது. அதைத் திருத்தச் சொல்லி யாரும் தனியாகப் பாடம் நடத்தவில்லை.

புகார்

பருவத்தின் நடுவில் சில மாணவர்கள் துறைத்தலைவரைப் பார்த்தார்கள். பாடம் முடியவில்லை, குறிப்பு எழுதிப் போடுவதில்லை, பக்கத்துக் கல்லூரியில் எல்லாம் முடித்துவிட்டார்கள் என்பது அவர்கள் குறை. முன்னின்றவர் வகுப்பில் நன்றாகப் படிக்கும் மாணவர். நல்ல மதிப்பெண் வாங்கிப் பழகியவருக்கு வழி மாறும்போது இழப்பும் அதிகமாகத் தெரியும். துறைத்தலைவர் கோப்பில் இருந்த தாளைக் காட்டி, கடைசி இரண்டு வாரம் தேர்வுப் பயிற்சிக்கு ஒதுக்கியிருப்பதைச் சொன்னார். குறை முழுதும் தீரவில்லை; ஆனால் முதல்வர் அறைவரை போகவில்லை.

இரண்டாம் அகத்தேர்வு

இரண்டாம் அகத்தேர்வில் பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு பாடலை வினாத்தாளிலேயே அச்சிட்டு, அருஞ்சொற்பொருள் கொடுத்து, யார் யாரிடம் பேசுகிறார், எந்த அடி அதைக் காட்டுகிறது, பாடலில் உங்களுக்கு முக்கியமாகப் பட்டது எது என்று கேட்டோம். குறுந்தொகை 18: "வேரல் வேலி வேர்க்கோட் பலவின்" என்று தொடங்குவது. இதுவும் கபிலர் பாடல், இதுவும் குறிஞ்சி.

பலருக்கு முதல் பகுதி சரியாக வந்தது. "சாரல் நாட" என்ற விளி தலைவனை நோக்கியது, "இவள் உயிர்" என்று மூன்றாமவளாகச் சொல்வதால் பேசுபவள் தலைவி அல்ல, ஆகவே தோழி என்று அடியைக் காட்டி எழுதியிருந்தார்கள். இரண்டு மாதத்துக்கு முன் இது நடந்திருக்காது.

மூன்றாம் கேள்வியில்தான் எதிர்பாராத ஒன்று. "யாரஃது அறிந்திசி னோரே" (அதை அறிந்தவர் யார்) என்ற அடியைப் பிடித்துக்கொண்டு, "இங்கும் சாட்சி இல்லை" என்று கணிசமானோர் எழுதியிருந்தார்கள். சிலர் பலாப்பழத்தையே பேசாத சாட்சி ஆக்கியிருந்தார்கள். வகுப்பில் ஒரு மாணவி கண்டது மற்றவர்களுக்குப் புதிய கையேடாகிவிட்டது! அச்சுப் பத்தியின் இடத்தில் வகுப்புப் பத்தி வந்து உட்கார்ந்திருந்தது.

அதற்கு நேர் எதிராக ஒரு தாள். முதல் தேர்வில் குருகின் காலைக் குறிஞ்சித் திணையோடு ஒப்பிட்ட அதே மாணவர் எழுதியது: "தலைவன் மலையில் பலா வேரிலே காய்க்கிறது. அதற்கு வேலியும் இருக்கிறது. விழுந்தாலும் அடிபடாது. தோழி சொல்லும் பலா சிறிய கொம்பில் தொங்குகிறது. பழம் பெரியது. கொம்பு எப்போது முறியும் என்று தெரியாது. அவன் ஊரில் இருக்கும் பாதுகாப்பு இவளுக்கு இல்லை என்று தோழி சொல்கிறாள்." வாக்கியங்கள் துண்டு துண்டாக இருந்தன, ஒற்றுப்பிழைகளும் இருந்தன. வேர்க்கோடு (வேரில் உள்ள கொம்பு), சிறுகோடு (சிறிய கொம்பு) இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தவர் அந்த வகுப்பில் அவர் ஒருவர்தான். பத்துக்கு ஒன்பது போட்டார் விரிவுரையாளர். பிழைகளுக்காக இன்னும் ஒன்று குறைக்கலாம் என்று நான் நினைத்தேன். பிறகு அப்படியே விட்டோம்.

பருவத் தேர்வு

பருவத் தேர்வில் தேர்ச்சி முந்தைய ஆண்டைப் போலவே இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கடைசி இரண்டு வாரப் பயிற்சி இல்லாவிட்டால் குறைந்திருக்கும் என்பது என் கணிப்பு.

வழக்கு என்று முதலில் சொன்ன மாணவிக்கு எதிர்பார்த்ததைவிட மதிப்பெண் குறைந்தது. பணம் கட்டி விடைத்தாள் நகல் வாங்கினார். குறுந்தொகை வினாவுக்குப் பாடலை அடியடியாக எடுத்து மிக நன்றாக எழுதியிருந்தார். ஆனால் திணை, கூற்று, துறை (பாடல் எழும் சூழல்) மூன்றையும் எங்கும் குறிப்பிடவில்லை. விடைக்குறிப்பில் மதிப்பெண் அவற்றுக்குத்தான் பிரித்து வைக்கப்பட்டிருந்திருக்கும். பாதிக்கும் குறைவாகவே கிடைத்திருந்தது. மறுமதிப்பீட்டிலும் மாற்றம் இல்லை. திருத்தியவரைக் குறை சொல்ல முடியாது. விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவர் விடைக்குறிப்பைத்தான் பார்ப்பார். அந்த மாணவியிடம் இதை விளக்கியபோது, "அப்படியென்றால் இரண்டு விதமாக எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்றார். ஆமாம் என்று சொல்வதைத் தவிர வேறு வழி இல்லை.

அடுத்து மாற்றவிருப்பது

பருவத் தேர்வுக்கு எழுதும் முறையைக் கடைசி இரண்டு வாரத்துக்குத் தள்ளாமல் ஒவ்வொரு பாடலின் முடிவிலும் கற்றுத்தருவது என்று முடிவாகியிருக்கிறது: முதல் நான்கு வரியில் திணை, கூற்று, துறை, அதன்பின் அடிகளைக் காட்டித் தன் வாசிப்பு. பதம் பிரிக்கும் பயிற்சி பருவத்தின் முதல் வாரத்திலேயே தனியாக நடக்கும். நம்பியகப்பொருள் எடுப்பவரும் சங்க இலக்கியம் எடுப்பவரும் பாடல்களைப் பேசிவைத்துக்கொண்டு நடத்துவார்கள்.

வகுப்பில் ஒருவர் சொன்ன வாசிப்பு மற்றவர்களுக்கு வாய்பாடாவதை எப்படித் தடுப்பது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. பேசுவதற்கு முன் எல்லோரும் தனித்தனியாக ஐந்து வரி எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விரிவுரையாளரின் யோசனை. பேசத் தயங்குபவர்களுக்கும் அது உதவும். தேர்வில் வரும் பாடல் வகுப்பில் நடத்தியதற்கு நெருக்கமாக இருந்ததும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். அதே புலவர், அதே திணை, அதே களவுச் சூழல். பழைய சாவி பொருந்துகிறதா என்று பார்க்கத்தானே தோன்றும்?

பாடத்திட்டக் குழுவின் அடுத்த கூட்டத்தில், பருவத் தேர்விலும் முன்பின் பார்க்காத பாடல் ஒன்றுக்கு ஒரு வினா ஒதுக்கக் கேட்டுத் துறையின் சார்பில் கடிதம் கொடுத்திருக்கிறோம். குரூப் 4 படிப்பவர்கள் எதிர்ப்பார்கள் என்று நினைத்தோம். கேட்டுப் பார்த்ததில், அருஞ்சொற்பொருள் கொடுத்தால் மனப்பாடத்தைவிட அது எளிது என்று அவர்களில் சிலரே சொன்னார்கள்.

வரும் ஆண்டு இரண்டாம் அகத்தேர்வுக்குக் குறுந்தொகை 28 தேர்வாகியிருக்கிறது. ஔவையார் பாடிய பாலை. முட்டுவேனோ தாக்குவேனோ என்று, தன் நோய் அறியாமல் தூங்கும் ஊரைப் பார்த்துத் தலைவி பொருமுவது. அதில் பறவை இல்லை, பழம் இல்லை, உவமையே இல்லை.